பன்னிரண்டாவது உப்புப் பை

அறிவுச்செல்வி இடக்கையை நீட்டினாள். பை இருக்க வேண்டிய இடத்தில் பை இல்லை.

மேசையின் இடப்பக்கம் உப்பு, நடுவில் தராசு, வலப்பக்கம் சிவப்பு வாளி. பதினாறு ஆண்டுகளாக அந்த வரிசை மாறியதில்லை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில், கொல்லிமலை தெளிவாகத் தெரியும் ஒரு மேட்டில் கௌதமனின் கோழிப்பண்ணை இருந்தது. பண்ணைக்குச் சொந்தமாக ஒரு தீவன ஆலையும் உண்டு. மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத் தூள் ஆகியவற்றை மூட்டை மூட்டையாக மிக்சரில் கொட்ட ஆட்கள் இருந்தார்கள். அளந்து சேர்க்க வேண்டிய வைட்டமின், தாதுக் கலவை, உப்பு ஆகியவற்றை நிறுத்து, ஒரு கலவைக்கு ஒரு வாளியாக அனுப்புவது அறிவுச்செல்வியின் வேலை. அவள் வேலை செய்யும் சிறிய அறைக்கு மருந்தறை என்று பெயர்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. காலையில் வந்தவுடன், அன்றைக்கு எத்தனை கலவையோ அத்தனை பைகளில் உப்பை நிறுத்து வரிசையாக வைத்துவிடுவாள். ஒரு வாளிக்கு ஒரு பை. வாளி அறையை விட்டுப் போனதும், சன்னலோரம் கிடக்கும் பழைய முட்டை அட்டையில் ஒரு குழிக்கு ஒரு மக்காச்சோள மணி போடுவாள். கடைசி வாளி போகும்போது உப்புப் பைகள் தீர்ந்திருக்கும். குழிகளில் மணிகள் சரியாக இருக்கும். கணக்கு தவறியதாக ஒரு நாளும் இல்லை. ஆகவே மூட்டையில் மீதி உப்பு எவ்வளவு என்று எழுதிவைக்கும் வழக்கமும் அவளிடம் இல்லை.

இன்று பன்னிரண்டு கலவை. அனைத்தும் குஞ்சுத் தீவனம். அட்டையில் பதினொரு மணிகள் இருந்தன. பைகள் தீர்ந்துவிட்டன.

அவள் மணிகளை எண்ணினாள். பதினொன்று. விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை எண்ணினாள். மூன்றாம் முறை கடைசிக் குழியிலிருந்து முதற்குழிக்கு எண்ணினாள். மக்காச்சோள மணிகள் மனம் மாறவில்லை.

காலையில் பதினொரு பைகளே நிறுத்திருக்கலாம். அப்படியானால் கவலைக்கு இடமில்லை. அல்லது பன்னிரண்டு நிறுத்து, ஏதோ ஒரு வாளியில் இரண்டு பைகளைக் கொட்டியிருக்கலாம். இரண்டில் எது என்று அவள் யோசித்தாள். நினைவில் தேடிய இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை. காலை ஒன்பது மணி முதல் அந்த நிமிடம் வரை தன் கைகள் என்ன செய்தன என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கோவ்! வாளி வருமா, இல்ல மிக்சர நிறுத்திப்போட்டு நாங்க ஊட்டுக்குப் போறதுங்களா?" வெளியிலிருந்து ரங்கன் கூவினான். மிக்சரை ஓட்டுபவன் அவன். தீவனத்தை மூட்டையாகப் பிடித்து, வாயைத் தைத்து, கலவை எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதுபவனும் அவனே.

"வருது, வருது."

மூட்டையிலிருந்து அவசரமாக உப்பு அள்ளி, ஒன்றரைக் கிலோ நிறுத்து வாளியில் கொட்டினாள். வாளி போயிற்று. பன்னிரண்டாவது மணியையும் போட்டாள். இப்போது அட்டையைப் பார்க்கிற எவருக்கும் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். அவளுடைய உள்ளங்கை வேர்த்திருந்தது. அதில் உப்பு ஒட்டியிருந்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, ராசிபுரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் குஞ்சுத் தீவனத்தில் உப்பு மிகுந்துவிட்டது. கௌதமனின் தந்தை உதவிக்கு ஆள் அனுப்பியபோது அவளும் போயிருந்தாள். குஞ்சுகள் தண்ணீரை விட்டு நகரவில்லை. குடித்துக் குடித்து, நீராகக் கழிந்து, வயிறு ஊதி, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தன. இரண்டு நாளில் நாலாயிரம். குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கொட்டகையில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

கௌதமனின் குஞ்சுக் கொட்டகையில் பன்னிரண்டாயிரம் குஞ்சுகள் இருந்தன. வயது பத்தொன்பது நாள்.

ஆனால் உண்மையைச் சொல்வதானால், அறிவுச்செல்வியைப் பயமுறுத்தியது குஞ்சுகள் மட்டுமல்ல.

அவளுடைய தந்தை நாச்சிமுத்து நாமக்கல் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த ஊர் வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிடம் நிற்கும் என்று தாளைப் பார்க்காமல் சொல்வார். ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் அவற்றை ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கினார். ஒரு நாள் அவரை அழைத்துவரப் போன அறிவுச்செல்வி, நடைமேடைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். அவர் கண்களை மூடி, உதடுகளை அசைத்து, யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அருகில் யாரும் இல்லை. பிறகு கண்ணைத் திறந்து, கடலை விற்கும் பெண்ணிடம், "ஏனுங்க, சேந்தமங்கலம் போற வண்டி எங்க நிக்குமுங்க?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் அந்த வண்டியை அவர்தான் விசில் ஊதி அனுப்பியிருந்தார்.

அறிவுச்செல்விக்கு இப்போது நாற்பத்தொன்பது.

மூன்று மாதங்களுக்கு முன்பு, கோயம்புத்தூரில் படிக்கும் மகள் வெண்ணிலா தொலைபேசியில், "அம்மா, இதயேதான் நேத்தும் சொன்ன," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்றிரவு முதல் வீட்டில் தங்கிவிட்டது. கணவன் மாரியப்பன் லாரியில் மாதம் இருபது நாள் வடக்கே போய்விடுவான். தனி வீட்டில் அவளுக்குத் துணை என்று இருந்தது வாசிப்பு. கிளை நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து, சாப்பிட்டபின் இருபது பக்கம் படித்துவிட்டுப் படுப்பது இருபது ஆண்டுப் பழக்கம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, கையிலிருந்த நாவலின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை அவளால் தாண்ட முடியவில்லை. பக்கத்தின் அடிக்கு வரும்போது தலைப்பகுதி மறந்திருக்கும், மறந்துவிட்டோமே என்ற பயத்தில் மறுபடியும் தலைப்பகுதிக்குப் போவாள், அடிப்பகுதி மறந்துவிடும். நூலகத் தவணையை நான்கு முறை நீட்டித்தாயிற்று. நூலகர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைக்கூட அவள் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டாள்.

புத்தகத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. மறதியின் பத்து அறிகுறிகள். மூளைக்கு ஏற்ற ஏழு உணவுகள். காலையில் வெந்நீர், மாலையில் நடை, இடக்கையால் பல் துலக்குதல் என எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையும் முதலில் பயமுறுத்திவிட்டு, பிறகு பயப்பட வேண்டாம் என்று முடிந்தது. அவற்றின் கூடவே சிறுசிறு தேர்வுகளும் வந்தன. அவள் நாள்தோறும் ஒரு தேர்வாவது எழுதுவாள். சில நாள் தேறுவாள். சில நாள் தோற்பாள். இன்று காலை எழுதியதில் முழு மதிப்பெண். அந்த மகிழ்ச்சி பன்னிரண்டாவது வாளி வரை இருந்தது.

மத்தியானம், ஆலைக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க்கா, புளிச்சோத்தப் பாத்துக்கிட்டே இருந்தாப் பசி ஆறீருமா?" என்றான் ரங்கன். "ஆறும்னா சொல்லுங்க, நானும் எம்பொண்டாட்டி வெக்கிற கொழம்பப் பாத்து மட்டும் எந்திரிச்சுக்கறேன்."

"தின்னுடா பேசாம."

"மூஞ்சி வெளுத்துக் கெடக்குதே, அதான் கேட்டேன். மருந்தறையில பொடி ஏதாச்சும் மூக்குல ஏறீருச்சா?"

அவள் சோற்றை மூடிவைத்தாள். சொல்லிவிடலாம். ரங்கனிடமே சொல்லலாம். ஆனால் எந்தக் கலவையில் இரண்டு பை விழுந்தது என்று அவன் கேட்பான். தெரியாது என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியாமல் போகும் என்று அடுத்துக் கேட்பான். அந்தக் கேள்வியில் முழுதும் வெளியே வந்துவிடும். நாச்சிமுத்து மகளுக்கும் வந்துவிட்டது என்று சேந்தமங்கலம் முழுக்கப் பேசும். வெண்ணிலாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அதையும் விசாரிப்பார்கள்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. வைட்டமின் டப்பாக்கள் விலையுயர்ந்தவை என்று மருந்தறைக் கூரையில் ஒரு கேமரா பொருத்தியிருந்தார்கள். அதன் கருப்புக் கண் தராசுக்கு நேர்மேலே இருந்தது. அதில் பதிவது அலுவலக அறையில் கௌதமனின் கணினியில் கிடக்கும். காலையில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். அதை நினைத்தபோதெல்லாம் அவள் கண்முன் வந்தது உப்பு அல்ல. தனக்குத் தெரியாமல் தன் உடல் நடமாடும் காட்சி. அதைக் கண்டபின் காணாததுபோல் இருக்க முடியாது.

இரண்டு மணிக்கு டிராக்டர் வந்து இருபது மூட்டைகளைக் குஞ்சுக் கொட்டகைக்கு ஏற்றிப் போயிற்று. எந்தெந்தக் கலவையின் மூட்டைகள் அவை என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தாள்: எந்தக் கலவை என்று தெரியாதபோது எண்ணைப் பார்த்து என்ன பயன்?

மூன்றரை மணிவரை தாங்கினாள். பிறகு எழுந்து நடந்தாள்.

குஞ்சுக் கொட்டகை ஆலையிலிருந்து முந்நூறு அடி தொலைவில் இருந்தது. வெயில் தகரத்தில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்த கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்து, கம்பிக் கதவைத் தள்ளி உள்ளே ஓர் அடி வைத்தாள்.

தரை நகர்ந்தது. பன்னிரண்டாயிரம் குஞ்சுகளும் ஒரே அலையாக எழும்பி, எதிர்ச் சுவரை நோக்கி ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அதன்மேல் இன்னொன்று ஏறியது. மூலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குவியல் உயர்ந்துகொண்டே போயிற்று. கீச்சொலி தகரத்தை நிறைத்தது.

"வெளிய போ! போ வெளிய!" குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் பூவாத்தாள் கத்திக்கொண்டே மூலைக்கு ஓடினாள். அறுபது வயது. குவியலில் இரு கைகளையும் விட்டு, மண்ணை அள்ளுவதுபோல் குஞ்சுகளை அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டாள். "ந்தா, ந்தா, ந்தா… ஒண்ணுமில்ல தங்கங்களா, ஒண்ணுமில்ல…"

அறிவுச்செல்வி வெளியே வந்து குனிந்து பார்த்தாள். அவள் உடுத்தியிருந்தது ஆரஞ்சுச் சேலை. கதவருகே ஆணியில் நீலக் கோட்டுகள் தொங்கின. கொட்டகைக்குள் எவர் போனாலும் நீலக் கோட்டோடு போக வேண்டும். குஞ்சுகளுக்குப் பழகிய நிறம் அது ஒன்றே. வேறு நிறம் கண்டால் மிரண்டு குவியும். குவிந்தால் அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். பண்ணையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி.

சிறிது நேரத்தில் ஓசை அடங்கியது. பூவாத்தாள் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு குஞ்சு, தலை தொங்கியிருந்தது.

"பதனாறு வருசத்துல கோட்டுப் போடாம நீ உள்ள வந்ததில்லியே சாமி. எங்க வெச்சிருக்கற நெனப்ப?"

அறிவுச்செல்வி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் போடவில்லை. கம்பிவலை வழியே உள்ளே பார்த்தாள். சிவப்புத் தண்ணீர்க் கிண்ணங்கள் ஒவ்வொன்றையும் சுற்றிக் குஞ்சுகள் நெருக்கியடித்து நின்றன. அலகை முக்கி, தலையைத் தூக்கி, மீண்டும் முக்கின.

"தண்ணி… நெறையாக் குடிக்குதுங்களா?"

"குடிக்குது. இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்திதான்."

அறிவுச்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எப்பருந்து?"

"எப்பருந்தா? காலைல இருந்துதான். வெயிலு இந்தப் போடு போடுதே, நானுந்தான் நாலு சொம்பு குடிச்சுப்போட்டேன். என்னயும் கணக்குல சேத்துக்கறயா?"

"இன்னிக்கு வந்த தீவனம்…"

"அது எங்க பிரிச்சேன்? பழசே மூணு மூட்ட கெடந்துச்சு. அஞ்சு மணித் தீனிக்குத்தான் புதுசு."

அறிவுச்செல்வி கைப்பேசியில் நேரம் பார்த்தாள். மூன்று ஐம்பது.

"நாஞ் சொல்ற வரைக்கும் பிரிக்காதீங்க," என்றாள். குரல் மெலிந்திருந்தது. பூவாத்தாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவள் அதற்குள் இறந்த குஞ்சோடு திரும்பி நடந்திருந்தாள். அவள் கேட்டாளா இல்லையா என்று உறுதிப்படுத்திக்கொள்ளும் நிதானம் அறிவுச்செல்விக்கு அப்போது இல்லை.

அலுவலக அறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை நின்றாள். முதல் முறை, பத்துக்கு ஒன்பது பங்கு பதினொரு பையே நிறுத்திருப்போம் என்று தோன்றியது. இரண்டாம் முறை, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நாளைக்கு எதைச் சொல்வது? சாய்ந்து கிடப்பவற்றின் எண்ணிக்கையையா? கோட்டைக் கழற்றாமலே வந்துவிட்டது அறைவாசலில்தான் தெரிந்தது.

கௌதமனுக்கு முப்பத்து நான்கு வயது. தந்தைக்குப் பிறகு பண்ணையை ஏற்றவன். முட்டை விலை கேட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

"என்னுங்க்கா?"

"குஞ்சுத் தீவனத்துல ஒரு பேட்சுக்கு உப்பு ரெண்டு தடவ போட்டுட்டனாட்ட இருக்குதுங் தம்பி."

"எந்தப் பேட்சு?"

"தெரியலீங்."

"தெரியலைன்னா?"

"நெனப்பு இல்லீங். பன்னெண்டு பை நிறுத்தேன். பதனொண்ணாவது வாளியோட தீந்துபோச்சு. நிறுத்தனா, இல்லியான்னும் உறுதியாச் சொல்ல முடியலீங்."

கௌதமன் எழுந்துவிட்டான். "இது எத்தன மணிக்குங்க்கா?"

"பன்னெண்டரைக்கு."

"இப்ப மணி நாலு!" மேசையை அறைந்தான். கடலைத் தட்டு துள்ளியது. "மத்தியானமே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? ராசிபுரத்துல நீங்க கண்ணாலயே பாத்தவங்கதானே?"

"பாத்தனுங்."

"அப்பறம் ஏனுங்க்கா?"

அவள் சொன்னாள். தந்தையைப் பற்றிச் சொன்னாள். வெண்ணிலாவின் சிரிப்பைச் சொன்னாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தையும் சொன்னாள். அவ்வளவும் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. மூன்று மாதம் சுமந்தது இவ்வளவு சிறியதா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. கௌதமன் அவளைத் தேற்றவில்லை. கணினியைத் திருப்பினான்.

"உக்காருங்க. பாத்துரலாம்."

"நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி. நான் வெளிய நிக்கறேன்."

"எது உப்பு, எது தாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கலர்கூட இல்லாத படம். நீங்கதான் சொல்லணும்."

உட்கார்ந்தாள்.

மேலிருந்து எடுத்த படம். சாம்பல் நிறத்தில் ஒரு தலை, வகிடு, இரண்டு கைகள். இடப்பக்கம் பைகள். கௌதமன் எண்ணினான்: பன்னிரண்டு. காலையில் அவள் பன்னிரண்டு பை நிறுத்திருந்தாள். பதினொன்று என்ற நம்பிக்கை போயிற்று.

படத்தை வேகமாக ஓட்டினான். கைகள் இடமும் வலமும் பறந்தன. முதல் வாளி, ஒரு பை. இரண்டாவது, மூன்றாவது. பிழையில்லாத கைகள். பதினாறு ஆண்டு பழகிய கைகளுக்கு மனம் கூட வர வேண்டிய தேவையே இல்லை என்பதை அவள் அப்போது மேலிருந்து கண்டாள்.

ஏழாவது வாளி. நேரம் பத்து முப்பத்தெட்டு.

"மெதுவா ஓட்டுங்க," என்றாள்.

படத்திலிருந்த பெண் தாதுக் கலவையைக் கொட்டினாள். ஒரு பை உப்பைக் கொட்டினாள். பிறகு நின்றாள். முகத்தை மேலே தூக்கினாள். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன. அறையில் வேறு யாரும் இல்லை. நெடுநேரம் அசைந்தன. பிறகு, கண்ணைத் திறக்காமலே இடக்கை நீண்டது, இன்னொரு பையை எடுத்தது, வாளியில் கொட்டியது.

"யாருகிட்டங்க்கா பேசுறீங்க?" என்றான் கௌதமன். அவன் குரல் தணிந்திருந்தது.

நடைமேடை, எதிர்ப்புறம், மூடிய கண்கள், அசையும் உதடுகள். "எங்கப்பா இப்படித்தான்…" என்று தொடங்கினாள்.

"இருங்க. அந்தக் கைய பாருங்க."

படம் ஓடிக்கொண்டிருந்தது; உதடுகள் இன்னும் அசைந்தன, வலக்கை மார்புக்கு நேராக இருந்தது. உதடு ஒருமுறை அசைந்தபோது சுண்டுவிரல் மடங்கியது. அடுத்து மோதிரவிரல். பிறகு நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல். ஐந்தும் மடங்கியதும் படத்திலிருந்த பெண் கண்ணைத் திறந்து, மேசை ஓரத்திலிருந்து கைப்பேசியை எடுத்து, எதையோ தட்டினாள். தட்டியபின் புன்னகை செய்தாள்.

அறிவுச்செல்வி அந்தப் புன்னகையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"குடை," என்றாள்.

"என்னுங்க?"

"குடை, தாமரை, ஏணி, மஞ்சள், கடிகாரம்." நிறுத்தாமல் சொன்னாள். "ஞாபகத் தேர்வுங் தம்பி. போன்ல அஞ்சு வார்த்த காட்டுவான். அஞ்சு நிமிசம் கழிச்சுத் திருப்பிச் சொல்லோணும். மறந்துறக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேன்."

கௌதமன் அவளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தான். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை என்பது முதலில் விளங்கியது. சன்னலுக்கு வெளியே, "ரங்கா! ஏழாம் நம்பர் மூட்ட எங்கெல்லாம் போயிருக்குதுன்னு பாரு!" என்று கத்தினான்.

ஏழாம் எண் மூட்டைகள் பத்து. எட்டு ஆலையிலேயே அடுக்கில் இருந்தன. இரண்டு டிராக்டரில் போயிருந்தன. ரங்கனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அறிவுச்செல்வி கொட்டகைக்குப் போனாள். மணி நாலரைகூட ஆகவில்லை. ஆனால் கொட்டகைக்குள்ளிருந்து தகரத்தில் தீனி விழும் சலசலப்பு கேட்டது. குஞ்சுகள் மிரண்டதால் பசித்திருக்கும் என்று பூவாத்தாள் முன்கூட்டியே மூட்டை பிரித்துவிட்டாள். கதவருகே கிடந்த சாக்கில் வெள்ளையாக ஏழு என்று எழுதியிருந்தது. கால் மூட்டை காலி.

நீலக் கோட்டு இன்னும் அவள் உடம்பிலேயே இருந்தது. அறிவுச்செல்வி உள்ளே போனாள். ஓடக் கூடாது, ஓடினால் மறுபடியும் குவியும். அவள் நடந்தாள். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவள் நடந்ததில்லை. தட்டுகளைச் சுற்றிக் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு தட்டுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினாள். குஞ்சுகள் அண்ணாந்து பார்த்தன. இன்னொரு தட்டு. ரங்கன் வாசலில் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே முனகினான்: "பதனாலு தட்டுங்க்கா. இந்தா, நானும் வாரேன்."

"என்ன சாமி, போட்ட சோத்தப் பிடுங்கறீங்க?" என்றாள் பூவாத்தாள்.

"உப்பு சாஸ்தியாப் போச்சுங்க. எங்கையாலதான். அப்பவே பிரிக்க வேண்டாம்னு சொன்னேன், உங்களுக்குக் கேக்கல."

"கேக்கறமாதிரி சொல்லியிருக்கோணும்."

தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிப் புதுத்தண்ணீர் நிரப்பினார்கள். ஆறு மணிவரை மூவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். குஞ்சுகள் தண்ணீர் குடித்தன. எவ்வளவு குடித்தால் மிகுதி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் அறிவுச்செல்வி புத்தகத்தைத் திறந்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் மூன்றாம் வரியில் யாரோ ஒருவர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். அந்த ஆளின் கையில் குடை இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. வரியில் குடை இல்லை. நான்காம் வரியில் ஏணி வந்துவிட்டது. மூடிவைத்தாள். அன்று முழுக்க அவள் மறக்காமல் இருந்தவை அந்த ஐந்து சொற்கள்தாம். அவற்றை மறக்க வழி சொல்லும் கட்டுரையை அவள் எங்கும் படித்ததில்லை.

மறுநாள் காலை பேருந்தை விட்டு இறங்கியதும் கொட்டகைக்குத்தான் போனாள். நீலக் கோட்டைப் போட்டு, பொத்தான் நான்கையும் போட்டு, உள்ளே நுழைந்தாள். பூவாத்தாள் கூடையைக் காட்டினாள். இறந்தவை மூன்று.

"நேத்து?"

"நேத்தும் மூணுதான். நீ மெரட்டிக் கொன்னதச் சேத்தா நாலு."

அறிவுச்செல்வி கூடையைத் தன் கையில் வாங்கினாள். மூன்று வயிற்றையும் விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஊதல் இல்லை. வழக்கமாக நலிந்து சாகிறவைதாம். கூடையைத் திருப்பிக் கொடுத்தபிறகும் விரல் நுனியில் அந்த மென்மை போகவில்லை.

மருந்தறைக் கதவில் புதிதாக ஓர் ஆணி அடித்து, துணிப்பை மாட்டியிருந்தார்கள். கைப்பேசியை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது கௌதமனின் உத்தரவு. அவள் போட்டாள். கௌதமன் வாசலில் நின்றான்.

"ஏழாம் நம்பர் மூட்டைய பெரிய கோழித் தீவனத்துல கொஞ்சங் கொஞ்சமாக் கலந்துக்கலாம். அதுக்கு உப்பைக் கொறச்சு நிறுங்க."

"சரிங் தம்பி."

"சனிக்கெழம நாமக்கல்ல டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கறேன். நரம்பு டாக்டர். போய்க் காட்டிட்டு வந்துருங்க்கா."

"நேத்துத்தான் பாத்துட்டமேங்க, போன்னால வந்த கோளாறுன்னு…"

"அது நேத்து வாளிக்குப் பதிலு. மூணு மாசமாப் படிக்க முடியாம இருக்கறதுக்கு?"

அவள் தலையாட்டினாள். சனிக்கிழமை என்ற சொல் பயம் தந்தது. ஆனாலும் அது நாளும் நேரமும் குறித்த பயம். மூன்று மாதமாக இருந்ததற்கு அவை இரண்டும் இல்லை.

அன்றும் பன்னிரண்டு கலவைதான். பன்னிரண்டு பை நிறுத்தாள். மீதி உப்பின் எடையை முதன்முறையாக ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு வாளி போகும்போதும் எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். நான்காவது வாளியில் உதட்டுக்குத் தாமரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "நாலு," என்றாள்.

"அக்கா, உள்ள யாருக்குங்க வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறீங்க?" என்று கூவினான் ரங்கன்.

"உனக்குத்தாண்டா. கேட்டுக்க."

கடைசி வாளி போயிற்று. மேசையின் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. அட்டையில் மணிகளை எண்ணினாள். பன்னிரண்டு. விரல் தானாக முதற்குழிக்குத் திரும்பியது. இன்னொரு முறை எண்ணினாள். பன்னிரண்டு. மூன்றாம் முறை எண்ணக் கடைசிக் குழிக்கு மேலே விரல் நின்றது.

சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டு, வாளியைக் கழுவப் போனாள்.